மலைப்பாதை ஓட்டத்தை நம்பி வாழ முடியுமா? பொகவந்தலாவைத் தம்பிக்கு ஒரு பதில்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 22, ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் வைக்கிற மரதன் ஓட்டங்களில் தொடர்ந்து முதலிடம் எடுக்கிறாராம். "கிலியன் ஜோர்னே மாதிரி ட்ரெயில் ரன்னிங்கையே தொழிலாக்க முடியுமா? கடை வேலையை விட்டுவிட்டு 100 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கலாமா? எவ்வளவு செலவாகும்? வீட்டில் எப்படிச் சொல்வது?" என்பது அவருடைய கேள்வி. ட்ரெயில் ரன்னிங் என்றால் மலைப்பாதை ஓட்டம், கிலியன் அதில் பெயர்பெற்ற ஸ்பெயின் நாட்டு ஓட்டக்காரர்.

தம்பி, ஓடுங்கள். ஆனால் கடை வேலையை இப்போது விடாதீர்கள். 100 கிலோமீற்றரை இன்னும் நான்கைந்து வருடத்துக்குத் தொடவே வேண்டாம், அதுவரை 10 கிலோமீற்றரை வேகமாக ஓடப் பழகுங்கள். கேட்க சப்பென்று இருக்கும், தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

முதலில் பணம். உலகின் பழைய 100 மைல் மலைப்பாதை ஓட்டம் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ். 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் ஒரு குதிரைப் போட்டியில் குதிரை இல்லாமல் தானே ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டியதில் தொடங்கிய கதை அது. அந்தப் போட்டியை இன்று வென்றாலும் பரிசுப் பணம் என்று ஒரு சதமும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு வெள்ளியில் ஒரு பெல்ட் கொக்கி கொடுப்பார்கள். கொலராடோவின் ஹார்ட்ராக் போட்டியிலும் பணப் பரிசு இல்லை. பிரான்ஸில் தொடங்கி மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யு.டி.எம்.பி.யில் பரிசு உண்டு. ஆனால் அங்கே போய், தங்கி, பல மாதம் வேலையில்லாமல் தயாரானவருக்கு அதில் மிஞ்சுவது அதிகமில்லை.

அப்படியென்றால் அவர்கள் எதில் வாழ்கிறார்கள்? சப்பாத்து, உடுப்பு நிறுவனங்களின் ஒப்பந்தம், பிறருக்குப் பயிற்சி கொடுப்பது, முகாம் நடத்துவது, படம் எடுப்பது. ஒப்பந்தத்தை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் வேறொரு வேலையும் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். கோர்ட்னி டௌவால்டரை எடுங்கள். 2023இல் ஒரே கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யு.டி.எம்.பி. மூன்றையும் வென்றவர். அவர் 2017 வரை விஞ்ஞான ஆசிரியை. வேலையை விட்டபோது வயது 32. 2012இல் ஓடிய தன் முதல் 100 மைல் போட்டியைப் பாதியிலேயே நிறுத்தியவர். 2006, 2007 இரண்டு வருடமும் யு.டி.எம்.பி.யை வென்ற இத்தாலியர் மார்கோ ஓல்மோ சிமெந்துத் தொழிற்சாலையில் உழைத்தவர். இரண்டாவது முறை வென்றபோது அவருக்கு வயது 58.

இந்த விளையாட்டில் உங்களுக்குச் சாதகமான விஷயமே இந்த வயதுக் கணக்குதான். 100 மீற்றர் ஓட்டக்காரருக்கு 22 வயது பாதி வழி, மலைப்பாதை ஓட்டக்காரருக்கோ அது வாசல்படி. பிரெஞ்சுக்காரர் லூதோவிக் பொம்மெரே 2024இல் ஹார்ட்ராக்கைப் புதிய சாதனை நேரத்தில் வென்றபோது அவருக்கு 49. "கிலியன் 2008இல் 20 வயதிலேயே யு.டி.எம்.பி. வென்றாரே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் பைரனீஸ் மலையில் ஒரு மலைக் குடிலில் வளர்ந்தவர். அப்பா அந்தக் குடிலைப் பார்த்துக்கொண்ட மலை வழிகாட்டி. பனிச்சறுக்கில் மலையேறும் போட்டிகளில் பதின்ம வயதிலிருந்தே தேசிய மட்டத்தில் இருந்தவர். அந்த அடித்தளம் நமக்குக் கிடையாது. மனசில் ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் கிலியனை விட்டுவிட்டு நேபாளத்தின் மீரா ராயைப் பாருங்கள்.

போஜ்பூர் மாவட்டத்து மலைக் கிராமத்துப் பெண் அவர். சின்ன வயதில் அரிசி மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கியவர். 2014இல் காத்மண்டுவில் ஒரு 50 கிலோமீற்றர் போட்டி. சரியான சப்பாத்து, உடுப்பு எதுவும் இல்லாமல் ஓடி வென்றார். அடுத்த வருடமே மோன் பிளாங் 80 கிலோமீற்றரில் முதலிடம், ஸ்கைரன்னிங் என்ற உயர்மலை ஓட்டத்தின் உலகத் தொடரில் இரண்டாமிடம். 2016இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. 2017இல் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் போட்டியை வென்று திரும்பி வந்தார். பிறகு தன் நாட்டுக் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். நம் தோட்டங்களில் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். இதைப் படிக்கிற தங்கச்சிமாருக்கும் ஒன்று: ஓட ஆரம்பிக்கும் முன் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். தோட்டப்புறத்தில் இரத்தச்சோகை பரவலாக இருக்கிறது. அது இருக்கும்போது கூட்டிக் கூட்டி ஓடினால் களைப்புத்தான் கூடும்.

சரி, 10 கிலோமீற்றர் விஷயம். மலையில் ஓடுகிறவனுக்குத் தட்டை வேகம் எதற்கு என்று கேட்பீர்கள். யு.டி.எம்.பி.யை 2023இல் வென்ற ஜிம் வாம்ஸ்லி, 2020இல் அமெரிக்க ஒலிம்பிக் மரதன் தெரிவுப் போட்டியை 2 மணி 15 நிமிடத்தில் ஓடியவர். அந்த வேகம் கையில் இருந்தும் மோன் பிளாங்கில் முதலிடம் எடுக்க அவருக்குப் பல வருடம் ஆயிற்று, பிரான்ஸில் குடியேறவும் வேண்டிவந்தது. முன்வரிசையில் ஓடுகிறவர்களுக்கு மலைப்பழக்கமும் உண்டு, தட்டையில் வேகமும் உண்டு. மலைப்பழக்கத்தை 30 வயதிலும் வளர்க்கலாம். வேகத்தை இருபதுகளில் வளர்க்காவிட்டால் பிறகு வருவது கடினம்.

நம் புத்தாண்டு மரதன்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அங்கே 'மரதன்' என்றால் கோயிலடியிலிருந்து டவுன் வரை போய்த் திரும்புவது. தூரம் ஏற்பாட்டாளரின் மனம்போல. உங்களோடு ஓடுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஓடுகிறவர்கள். எனவே அந்த முதலிடம் உங்கள் தரத்தைச் சொல்லாது. கண்டி போகம்பறையிலோ பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்திலோ 25 சுற்று, அதாவது 10 கிலோமீற்றர், ஓடி நேரம் பாருங்கள். 36 நிமிடத்துக்கு மேல் போனால் இன்னும் அடிப்படையே கட்ட வேண்டும். 33க்குள் வந்தால் உங்களிடம் உண்மையாகவே ஏதோ இருக்கிறது. இது என் அளவுகோல், வேறொரு பயிற்சியாளர் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றரில் தேசிய சம்பியனானதை மறக்க வேண்டாம். நம் பக்கத்துக் கால்கள் தட்டையிலும் ஓடும். மாகாண மட்டம், தேசிய விளையாட்டு விழா என்று அந்த வழியில் போகிறவர்களை முப்படையும் பொலிஸும் வேலைக்கு எடுப்பதும் உண்டு. மாதச் சம்பளத்தோடு பயிற்சி கிடைப்பது நம் நாட்டில் பெரும்பாலும் அங்கேதான். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

இனி மலை. மலையகத்தில் பிறந்ததை மேலைநாட்டுக்காரர் காசு கொடுத்து வாங்க நினைக்கும் வசதி என்று சொல்லலாம். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, பட்டிப்பொல புகையிரத நிலையம் 1,898 மீற்றரில். உயரத்தில் தங்கிப் பயிற்சி எடுக்கிறவர்கள் வழக்கமாகத் தேடுவது 1,800 முதல் 2,500 மீற்றர் வரையான இடங்களை. கென்யாவின் புகழ்பெற்ற இடென் ஏறக்குறைய 2,400 மீற்றர். ஆகவே நுவரெலியா, பட்டிப்பொல பக்கம் அந்த எல்லையின் கீழ்ப்படியில் நிற்கிறது. வேகப் பயிற்சிக்குக் காற்று அடர்த்தியான இடம் வேண்டுமென்றால் பதுளைக்கு இறங்கலாம், அது 700 மீற்றருக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் சில மணி நேரந்தான்.

ஏற்றத்துக்குச் சிவனொளிபாதமலையை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் சிகரம் வரை ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். யு.டி.எம்.பி.யின் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீற்றர், தூரம் 170 கிலோமீற்றருக்குக் கிட்ட, முடிக்க வேண்டிய நேரம் 46 மணி 30 நிமிடம். அதாவது நல்லதண்ணியிலிருந்து பத்து முறை ஏறி, பத்து முறை இறங்கி, இரண்டு இரவு தூக்கமில்லாமல். நீங்கள் ஒரு நாளில் மூன்று முறை ஏறி இறங்கிப் பாருங்கள். 100 கிலோமீற்றர் ஆசை எந்த அளவுக்கு உண்மை என்று மூன்றாவது இறக்கத்தில் தெரிந்துவிடும். ஆனால் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை யாத்திரைக் காலம். அப்போது அங்கே பந்தயப் பயிற்சி வேண்டாம். கைத்தடியோடு ஏறுகிற ஆச்சிமாரை இடித்துக்கொண்டு ஓடுவது ஓட்டமில்லை. யாத்திரைக் காலம் முடிந்தால் படி வெறிச்சென்று இருக்கும், ஆனால் மழையும் பாசியும் இருக்கும். தனியாகப் போகாதீர்கள்.

பெரும்பாலானோர் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீண்ட மலை ஓட்டத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதில் இழைகள் நுணுக்கமாகக் கிழிகின்றன. 60ஆவது கிலோமீற்றரில் ஏறத் தெம்பு இருந்தும் இறங்க முடியாமல் பக்கவாட்டில் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மருந்து இறங்கிப் பழகுவது மட்டும்தான். அளவாக அடிக்கடி இறங்கினால் அடுத்த முறை தசை குறைவாகவே சேதப்படும். தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் குறுக்குப் பாதைகள் இதற்கென்றே வெட்டியதுபோல இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், 20 நிமிடம் தொடர்ந்து இறங்கும் பாதை போதும். அடியைச் சின்னதாக வையுங்கள், குதிகாலை ஊன்றிப் பிரேக் பிடிக்காதீர்கள், கண் நாலைந்து அடி முன்னால் இருக்கட்டும்.

தோட்டத்துக்குள் ஓடும்போது சில விஷயங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே மறந்துபோகும். செடி மூடிய கான்களில் கால் போனால் கணுக்கால் போச்சு. கவாத்து வெட்டிய மலையில் விழுந்தால் அந்தக் குச்சிகள் கத்திபோலக் குத்தும். மருந்தடிக்கிற அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில் சத்தம் போட்டு ஓட வேண்டாம். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆட்கள் இறந்த செய்தி நமக்குப் புதிதில்லை. அதிகாலையிலும் இருட்டும் நேரத்திலும் சிறுத்தை நடமாடும் மலைகள் எவை என்று வாச்சரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். லயத்து நாய்களுக்கு ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுவதுதான் ஒரே வழி. அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் காயப் பூசிக்கொள்ளுங்கள். நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது. தண்டவாளத்தில் ஓடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், வளைவில் ரயில் வருவதும் சில நேரம் கேட்காது. ஹோர்ட்டன் சமவெளியையும் விட்டுவிடுங்கள். அது தேசியப் பூங்கா, நடந்து பார்க்க வேண்டிய இடம்.

மழையையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும்போது ஊவா பக்கம் கச்சான் காற்றோடு காய்ந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் தலைகீழ். பண்டாரவளைக்குப் போனால் பருவமே மாறிவிடும். இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும், அதை மதியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் போட்ட போட்டுக்குப் பிறகு, பழகிய பாதை என்ற நம்பிக்கையில் இருட்டில் ஓடுவது முட்டாள்தனம். முதலில் பகலில் நடந்து பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் தேவையில்லாமல் பயமுறுத்துவார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 60 கிராம் அளவு மாச்சத்து உள்ளே போக வேண்டும், முன்னணி ஓட்டக்காரர்கள் 90ஐயும் தாண்டுவார்கள். வெளிநாட்டு ஜெல் வாங்கக் காசில்லையா, கித்துள் கருப்பட்டி, வாழைப்பழம், சீனி போட்ட பிளேன்டி எல்லாம் வேலை செய்யும். வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். வீட்டில் சாப்பிட்டுப் பழகாத எதையும் போட்டியில் வாயில் வைக்காதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்து ஒரு போத்தல் வைத்திருங்கள்.

செலவைக் கேட்டீர்கள். பெரிய செலவு சப்பாத்துத்தான். பிடிமானமுள்ள ஒரு நல்ல ட்ரெயில் சப்பாத்து இங்கே பல பத்தாயிரம் ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு நிர்ணயமானது. ஒரு சோடியில் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளமே போய்விடும் என்பது அதிலிருந்தே தெரியும். அதனால் ரோட்டு ஓட்டத்துக்கு ஒரு சாதாரண சோடி, நல்ல சோடியை மலைக்கு மட்டும். தலைலைட் அவசியம், மழை ஜாக்கெட் அவசியம். விலை கூடிய கைக்கடிகாரம் அவசியமில்லை, கையில் இருக்கிற போனே தூரத்தையும் ஏற்றத்தையும் காட்டும்.

வருமானத்துக்கு ஓட்டத்தையே நம்பாமல், ஓட்டத்தைச் சுற்றி வேலை தேடுங்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கித் தோட்டங்கள் வழியாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் மேலாக, 22 கட்டங்களாகப் போகிறது பெக்கோ ட்ரெயில். அதில் நடக்க வருகிற வெளிநாட்டவருக்கு வழி தெரிந்த, இங்கிலிஷ் பேசுகிற, முதலுதவி தெரிந்த ஆள் வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரத்துக்குப் படியுங்கள். லயத்தில் வளர்ந்தவர் தேயிலையைப் பற்றிச் சொல்வதற்கும், கொழும்பிலிருந்து மனப்பாடம் செய்துவந்தவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வழிகாட்டியாக ஒரு நாள் 18 கிலோமீற்றர் நடந்தால் அது உங்கள் கால்களுக்கும் நீண்ட நேர மெதுவான பயிற்சி. பாடசாலைப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது, உள்ளூர்ப் போட்டிகளுக்குப் பாதை குறிப்பது எல்லாம் பிறகு வரும். அனுசரணை தருகிறோம் என்று வருகிறவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனோடு ஒரு நிறுவனம் பெனர் பிடித்து நாலு படம் எடுத்தது, விமான டிக்கெட் மட்டும் கடைசி வரை வரவில்லை.

வெளிநாட்டுப் போட்டிக்கு 25, 26 வயதில் போனால் போதும், முதலில் 50 கிலோமீற்றருக்கு. கர்நாடகத்தின் கோப்பித் தோட்டங்களுக்குள் நடக்கும் மல்நாடு அல்ட்ரா நமக்கு நல்ல தொடக்கம். மண்ணும் ஈரமும் நம் ஊரைப் போலவே, இந்தியாவுக்கு இ-விசாவும் எடுக்கலாம். அடுத்தது தாய்லாந்து, மலேசியாவில் நடக்கும் யு.டி.எம்.பி. உலகத் தொடர்ப் போட்டிகள். அவற்றை முடித்தால் 'ரன்னிங் ஸ்டோன்' என்ற புள்ளி கிடைக்கும். பிரான்ஸில் நடக்கும் யு.டி.எம்.பி. ஓட்டத்துக்கான குலுக்கலில் பெயர் போட அது வேண்டும். அங்கேயும் நேராக 170க்குப் போகாமல் அதே விழாவின் 50 கிலோமீற்றர் பிரிவான ஓ.சி.சி.யில் தொடங்கலாம். ஒப்பந்தம் கொடுக்கிற நிறுவனங்கள் பார்ப்பது இப்படிப்பட்ட போட்டிகளில் நீங்கள் எடுக்கும் இடத்தையும் தரப்புள்ளியையும்தான்.

வீட்டுக்கு என்ன சொல்வது? வேலையை விடவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள், பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும். அம்மாவிடம் எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போங்கள். கடை முதலாளியிடம் ஞாயிறோடு இன்னொரு அரைநாள் லீவு கேட்டுப் பாருங்கள். அவர் உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறாரா என்றும் பாருங்கள், உங்கள் பங்கு 8 வீதம், அவருடையது 12 வீதம். ஒருநாள் பிரான்ஸுக்கு விசா எடுக்கப் போகும்போது வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, திரும்பி வருவதற்கான காரணம் எல்லாம் கேட்பார்கள். அதற்கும் அந்தக் கடைதான் கைகொடுக்கும்.